'எழுதறான்' என்று நான் சொன்ன பொய்

ரெங்கராஜுவுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆரம்பித்தால் அது பொய்யாகிவிடும். பொய் சொல்லி நான் பட்டது போதும். நேற்று சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால் உன் கட்டிலில் நீ இல்லை. தலையணைமேல் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. 'அம்மா, ஸ்டுடியோவிலிருந்து அவசரத் தந்தி. கடைசி மூணு ரீலை மாத்தணுமாம். பகல் வண்டியில போறேன். கோபப்படாதே. மாத்திரையை நிறுத்தலை, கவலைப்படாதே.' படத்துக்குப் படம் பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிறவன், பெற்றவளுக்கு எழுதுகிற வசனமா இது? அதிலும் அந்தக் கடைசி வரி! படித்த கையோடு சமையலறை ஜன்னலைப் போய்ப் பார்த்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரைப் புட்டி அங்கேயே இருக்கிறது. கொட்டி எண்ணினேன். நாலு நாளாக நீ ஒன்றுகூட விழுங்கவில்லை. தினமும் காலையில் என் எதிரில் நின்று தண்ணீர் குடித்தாயே, அந்த நாலு நாளும் வெறும் தண்ணீரா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது வருஷமாக என்னிடம் இந்த வித்தையைக் காட்டிப் பார்த்திருக்கின்றன. உன்னிடம் ஏமாந்தேன் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தார். காகிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு உன் கட்டிலில் உட்கார்ந்தார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "போயிட்டானா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இன்று சனிக்கிழமை லீவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முழுவதும் படி. வசனகர்த்தா பார்வையில் எது நீளம், எதை வெட்டலாம் என்று பார்க்காதே.

முதலில் உன் ஸ்டுடியோவைத் திட்டிவிட்டு வருகிறேன், அது சுலபம். நீ அங்கே சேர்ந்த மறு வருஷம், அப்பாவின் ரயில்வே பாஸில் நாங்கள் இருவரும் கோடம்பாக்கம் வந்தோமே, நினைவிருக்கிறதா? 'கதை இலாகா' என்று வாசலில் போர்டு போட்டிருந்தது. ஏதோ தாசில்தார் ஆபீஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே பார்த்தால் சிகரெட் புகை, மூலையில் சுருட்டி வைத்த படுக்கைகள், தரையெல்லாம் கசக்கிப் போட்ட காகிதம். சுவரோரம் நீங்கள் ஐந்து பேர். உங்கள் எதிரில் திவானில் சாய்ந்துகொண்டு உன் முதலாளி. நீ ஒரு காட்சியை எழுந்து நின்று வாசித்தாய். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் பேசுகிற இடம். வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்த நானே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வேற." அவ்வளவுதான். எது சரியில்லை, எங்கே சரியில்லை, ஒன்றும் கிடையாது. நீ உட்கார்ந்து வேறு எழுதினாய். எழுந்து நின்று வாசித்தாய். "வேற." மத்தியானத்துக்குள் ஒரே தகப்பனை ஆறு விதமாக அழவைத்தாய். கேரியரில் வந்த சாப்பாடு மூலையில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து ஏப்பம் விட்டார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார், அதில் குறை சொல்ல முடியாது. "உங்க புள்ள தங்கம்மா. மத்தவனெல்லாம் கண்ணு சொக்கி விழுந்துடுவான். இவன் தூங்கவே மாட்டான்" என்றார். நான் என்ன செய்தேன்? 'ஏன் சார், என் பிள்ளையைத் தூங்க விடாம என்ன சார் வேலை வாங்கறீங்க?' என்று கேட்டிருக்க வேண்டும். பெற்றவள் என்றால் அதைத்தான் கேட்டிருப்பாள். நான் சிரித்தேன். "எல்லாம் உங்க ஆசீர்வாதங்க" என்றேன். அட சே! அதோடு விட்டேனா? ஊருக்கு வந்து பால்காரரிலிருந்து எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் சொன்னேன். "எங்க ரெங்கராஜு தூங்கவே மாட்டானாம், முதலாளியே சொன்னாரு." ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயத்தைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் உன் அம்மா.

இதெல்லாம் கோடம்பாக்கத்தில் ஆரம்பித்ததும் இல்லை. நயா பைசா வந்த வருஷம் பாலக்கரையில் கொட்டகை போட்டு உன் முதல் நாடகத்தை ஆடினார்களே, அன்றைக்கு ஆரம்பித்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எந்தப் பாவி எழுதினானோ, வயித்தைப் பிசையுதே" என்றாள். "என் பையன்தாங்க எழுதினான்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு என் தலை கனத்தது கனத்ததுதான். மறுநாளிலிருந்து நம் வீட்டில் ஒரு சட்டம் வந்தது: அண்ணன் எழுதறான். வசந்தா வாய்விட்டுப் பாடக் கூடாது, அண்ணன் எழுதறான். ஆட்டுக்கல் சத்தம் கேட்கக் கூடாது என்று நான் மாவை நாலு வீடு தள்ளிப்போய் அரைத்துக்கொண்டு வந்தேன். அப்பா இருமினால் கொல்லைப்பக்கம் போய் இருமுவார். நீ குளிக்காவிட்டால் எழுதறான். சாப்பிடக் கூப்பிட்டு வராவிட்டால் எழுதறான், தட்டை உள்ளே கொண்டுபோய் வைப்போம். உன் சித்தப்பா செத்துப்போனபோது எடுக்கிற நேரத்துக்குக்கூட நீ வரவில்லை. "பையன் எங்கே?" என்று கேட்டவர்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா? அதையேதான் சொன்னேன். கேட்டவர்களும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள்.

நீ எழுதினதில் தப்பில்லை. எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் சோறு தூக்கம் சாவு கல்யாணம் எல்லாவற்றிலிருந்தும் விலக்கு உண்டு என்று உனக்குப் பழக்கினது நான்தான். மற்ற பிள்ளைகளுக்குப் பசித்தால் தெரியும், அசந்தால் தெரியும். உனக்கு அந்த ஞானமே இல்லாமல் வளர்த்துப் பட்டணத்துக்கு அனுப்பினேன். அந்த முதலாளிக்கு வேலை மிச்சம். பாதி அடிமையாக்கி ரயிலேற்றிவிட்டது நாங்கள், மீதியை அவர் செய்துகொண்டார்.

பங்குனிக் கடைசியில் நீ வந்து இறங்கினாய். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்து கையில் பெட்டிகூட இல்லாமல் நடந்து வந்தாய். சட்டை தோள்பட்டையிலிருந்து தொங்கியது. முதல் இரண்டு நாள் ஓயாமல் பேசினாய். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்தது. மூன்றாம் நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய், அவ்வளவுதான். சாதத்தைப் பிசைந்து வாயில் வைத்தால் மென்றாய். கண் திறந்திருக்கும், தூக்கம் கிடையாது. உதடு மட்டும் அசையும். குனிந்து காதை வைத்துக் கேட்டேன். "வேற... வேற..." அந்த மனுஷரின் குரல் உன் வாயிலிருந்து வந்தது. ஒரு நாள் பட்டப்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டாய். கொள்ளிடப் பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்துக்கொண்டு நின்றவனை உரக்கடைக்காரர்தான் சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் உன் ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். உன்னைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மறு பாதியை இப்போது சொல்கிறேன்.

அடுத்த தெரு அலமேலு அக்கா மட்டும் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டாள். "ஒரு மண்டலம் குணசீலத்துல கொண்டுபோய் வச்சுப் பாரேன்" என்றாள். நம் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். "என் புள்ளைக்கு என்ன கேடு? அவன் எழுதிட்டிருக்கான், நீ உன் வேலையைப் பாரு" என்று தெருவே கேட்கக் கத்தி அனுப்பினேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மனசு சரியில்லாத பிள்ளையை, புருஷனை, கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி, நாலு பேர் பார்க்க அந்தக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களே ஜனங்கள், அவர்களுக்கு இருக்கிற தைரியத்தில் கால்வாசி எனக்கு இல்லை. நான் படித்தவளாம், டீச்சராம். வகுப்பில் ஒரு பிள்ளையின் கண் சிவந்திருந்தால் உடனே வீட்டுக்கு அனுப்புகிறவள், என் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

சித்திரையில் வசந்தாவைப் பெண் பார்க்க லால்குடியிலிருந்து வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீயும் நானும் இதுவரைக்கும் வாய் திறந்ததில்லை. இன்றைக்குத் திறக்கிறேன். மாப்பிள்ளையின் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்ததும் உன் ரூம் கதவைப் பார்த்தார். "தம்பி உள்ள எழுதிட்டிருக்காருங்களா?" என்றார். "ஆமாங்க, புதுப் படம். ரெண்டு நாளா வெளியவே வரலை" என்றேன். நாக்கு கூசவில்லை. உடனே அவர் தன் ஆட்களைப் பார்த்து, "மெதுவாப் பேசுங்கப்பா, எழுதறாருல்ல" என்று அதட்டினார். எட்டு பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், ஏதோ சன்னிதியில் உட்கார்ந்த மாதிரி. அப்போதுதான் நீ உள்ளேயிருந்து தட்டினாய். மெதுவாக, மூன்று தடவை.

"என்னமோ தட்டற மாதிரி கேக்குதே?" என்றார் அவர். "காபி கேக்கறான்ங்க. எழுத உக்காந்தா வாயைத் திறந்து கேக்க மாட்டான், தட்டுவான்" என்றேன். "பெரிய மனுஷங்க பழக்கமே தனிதான்" என்று அவர் மெச்சிக்கொண்டார். மறுபடியும் தட்டினாய். வசந்தா பட்டுப்புடவையில் பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டு அவள் கையில் ஆடியது. பெண் வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் சிரித்தார்கள். அவள் என்னையே பார்த்தாள். 'போய்த் திற' என்று அந்தக் கண் சொன்னது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேசரி பரிமாறினேன். முந்திரிப் பருப்பு எல்லாருக்கும் வந்ததா என்றுகூடப் பார்த்தேன்.

அவர்கள் போய் வண்டி தெருமுனை திரும்பின பிறகு கதவைத் திறந்தேன். நீ கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாய். வேட்டி நனைந்திருந்தது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. என்னை நிமிர்ந்து பார்த்து என்ன சொன்னாய்? "பலமாத் தட்டலாமான்னு பாத்தேம்மா. வசந்தாவுக்குக் கெட்டுப்போயிடுமேன்னு விட்டுட்டேன்." பதினைந்து நாள் கழித்து உன் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் மறைத்தோம். அந்த வீட்டில் அன்றைக்குப் புத்தியோடு இருந்தது நீ ஒருத்தன்தான். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அழுதுகொண்டே வேட்டியைத் துவைக்கப் போனேன். இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கிறேனே தவிர, மன்னிப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை.

அப்பா தன் டூல் பையை எடுத்துவந்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனிடம் நேராகப் போய், "பையனுக்கு மனசு சரியில்லைங்க, லீவு வேணும்" என்று சொல்லியிருக்கிறார். நான் பதினைந்து நாளாக விழுங்கிக்கொண்டிருந்த வார்த்தை அவருக்கு ஒரு மூச்சில் வந்துவிட்டது. அந்த ஃபோர்மேன் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. "என் மச்சினனுக்கும் இதே மாதிரி வந்துதுய்யா. இப்ப நல்லா வேலைக்குப் போறான். புத்தூர்ல டாக்டர் இருக்காரு, இன்னிக்கே கூட்டிட்டுப் போ" என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். பார்த்தாயா, உண்மையைச் சொன்ன அன்றைக்கே வழி கிடைத்துவிட்டது. நான் சொல்லியிருந்தால் பதினைந்து நாள் முன்னாடியே கிடைத்திருக்கும்.

புத்தூர் டாக்டர் என்னைப் பார்த்து, "எத்தனை நாளா தூங்கலை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "சாப்பாடு எப்பலேருந்து குறைஞ்சுது?" அதுவும் தெரியவில்லை. "நீங்க அம்மாதானே?" என்றார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பட்டணத்தில் விழித்திருப்பதற்கு என்று எவனோ கொடுத்த மாத்திரையை நீ எட்டு மாதமாகத் தின்ற கதையெல்லாம் அங்கேதான் வெளியே வந்தது. அப்புறம் அவர் உன்னைக் கேட்டார், நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: "நான் இல்லாமப் போயிட்டா அந்தக் குரல் நின்னுடும்னு தோணுது சார்." கொள்ளிடப் பாலத்தில் நீ எதற்காக நின்றாய் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. டாக்டர் பதறவில்லை. "இது ஒரு வியாதி, தீர்ந்துடும். தீர்ற வரைக்கும் மாத்திரையை விடக் கூடாது. ஆறு மாசம். நடுவுல நிறுத்தினா திரும்ப வரும், முன்னைவிடப் பலமா வரும்" என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டைபாய்டு வந்தா ஊரைக் கூட்டுவீங்க. இதுக்கு மட்டும் ஏம்மா கதவைச் சாத்தறீங்க?" என்றார்.

ஆறு மாதம் என்றார். இப்போது ஆடிதான் நடக்கிறது. மூன்று மாதம் முடிந்து சில நாள் ஆகிறது, அவ்வளவுதான். இந்த மூன்று மாதத்தில் நீ எப்படித் தேறினாய் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முதலில் தூக்கம் வந்தது. கட்டில் அதிரக் குறட்டை விட்டாய். நானும் வசந்தாவும் கூடத்தில் உட்கார்ந்து கச்சேரி மாதிரி கேட்டோம். அப்புறம் பசி. அப்பாவோடு காலையில் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, "இன்னும் ரெண்டு இட்லி வையிம்மா" என்றாய். ஆனியில் ஒரு நாள் வசந்தா அந்த லால்குடிப் பெரியப்பா மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசிக் காட்டினாள், நீ புரையேறுகிற வரைக்கும் சிரித்தாய். நான் சமையலறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். ஒரு தந்தி வந்தது, அத்தனையையும் போட்டுவிட்டு ஓடிவிட்டாயே! 'உடனே வா' என்று இரண்டு வார்த்தை அடித்தால் போதும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது பார். நீ பங்குனியில் வந்து விழுந்ததிலிருந்து இந்தத் தந்தி வரைக்கும் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு கார்டு போட்டாரா? நாலு மாதம் நீ செத்தாயா இருந்தாயா என்று கேட்காதவருக்கு இப்போது மூன்று ரீல் நினைவுக்கு வந்ததும் நீ தங்கமாகிவிட்டாய்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். 'இந்தத் தொழிலே இப்படித்தாம்மா, உனக்குப் புரியாது.' எனக்கா புரியாது? உன் அப்பா இருபத்தாறு வருஷமாக எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறார். பொன்மலைச் சங்கு ஊதினால் கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார். ஆயிரம் பேர் ஏறுகிற ரயிலுக்கான வேலையே மறுநாள் வரைக்கும் காத்திருக்கிறது. உன் கதாநாயகன் அழுகிற காட்சி காத்திருக்காதா? நெருப்பு அணைக்கவா கூப்பிட்டார்கள்? 'நான் இல்லாவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்' என்பாய். போடட்டும்! உன் முதலாளிக்கு நீ இல்லாவிட்டால் இன்னொருத்தன். டைட்டிலில் மற்ற நாலு பேரோடு பொடி எழுத்தில் உன் பெயர் ஓடுகிறது. அதைப் படிக்க முடியாமல் நான் ஒரே படத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் படம் ஓடும். இந்த வீட்டில் உன் இடத்தில் யாரைப் போடுவது, சொல்?

எழுதாதே என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லுகிற யோக்கியதையும் எனக்கு இல்லை. நீ எழுதினால் நன்றாக எழுதுகிறாய், எனக்குத் தெரியும். ஆனால் மனுஷனாக இருந்து எழுது. இந்தக் கடிதத்தோடு உன் மாத்திரைப் புட்டியும் வருகிறது. அப்பாவின் சிநேகிதர், ரயிலில் கார்டாகப் போகிறவர், நேரில் வந்து உன் கையில் கொடுப்பார். இன்று காலையில் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நாலு நாள் விட்டதற்குச் சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, புட்டி கைக்கு வந்த அன்றிலிருந்து பழைய அளவிலேயே ஆரம்பிக்கச் சொன்னார். பட்டணத்தில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறார், உள்ளே வைத்திருக்கிறேன். போய்ப் பார். அந்தப் பழைய மாத்திரையை எவனாவது நீட்டினால் தட்டிவிடு. சாப்பாடு வந்தால் ஆறுவதற்குள் சாப்பிடு, முதலாளி முறைத்தாலும் சாப்பிடு. அவர் கண்ணை மூடிக்கொண்டு "வேற" என்றால், "நாளைக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வா. ஒரு தடவை சொல்லிப் பார், வானம் இடிந்து விழாது. மறுபடியும் அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தால், இல்லாமல் போகலாம் என்று தோன்றினால், அந்த நிமிஷமே பக்கத்தில் இருக்கிறவனிடம் வாய்விட்டுச் சொல். நானே சமாளிக்கிறேன் என்று கிளம்பாதே. தனியாக இருக்காதே.

இன்னொன்று. மத்தியானம் லால்குடியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு வசந்தாவின் ரவிக்கை அளவு வாங்கிக்கொண்டு போக. "தம்பி பட்டணம் போயிட்டாராமே, புதுப் படமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். எனக்கு வாய்வரைக்கும் பழைய பொய் வந்தது. வசந்தாவைப் பார்த்தேன். "சொல்லும்மா" என்றாள். சொல்லிவிட்டேன். "என் பையனுக்கு மனசு உடம்பு சரியில்லாம இருந்துதுங்க. நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அவன் எழுதலை. நாங்கதான் உள்ள வச்சுப் பூட்டியிருந்தோம். இப்ப டாக்டர் பாக்கறாரு. பாதி குணமாயிருக்கு" என்றேன். அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள். "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்து போனார்கள். ரவிக்கை அளவை வாங்கிக்கொள்ளவில்லை. என்ன சொல்லுவார்களோ, எனக்குத் தெரியாது. "நின்னா நிக்கட்டும்மா, அண்ணனைக் காட்டிக்க முடியாத வீட்டுல நான் போய் என்ன வாழப்போறேன்" என்று உன் தங்கை துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். உனக்குக் குற்ற உணர்ச்சி வரட்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அவள் நல்லதுக்காக நீ சத்தமில்லாமல் தட்ட வேண்டிய அவசியம் இனிமேல் இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் உன் கையெழுத்தில் பதில் வர வேண்டும். தூங்கினேன், சாப்பிட்டேன், மாத்திரை போட்டுக்கொண்டேன், டாக்டரைப் பார்த்தேன் என்று அதில் இருக்க வேண்டும், அதுவும் நிஜமாக இருக்க வேண்டும். வராவிட்டால் அப்பா லீவு சொல்லிவிட்டார், நானும் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வண்டியேறி வந்து உன் இலாகா வாசலில் நிற்போம். இந்தத் தடவை செருப்போடு ஓரமாக நிற்க மாட்டேன். உள்ளே வருவேன். உன் முதலாளி எழுந்து கும்பிட்டு, 'எழுத்தாளரோட அம்மாவா, வாங்க' என்பார். இல்லை சார், சீக்காளியோட அம்மா, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று அந்த ஐந்து பேர் எதிரில், கதாநாயகன் இருந்தால் அவன் எதிரிலும், சத்தம் போட்டுச் சொல்லுவேன். உனக்கு மானம் போகும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. பரவாயில்லை, வெட்கப்படு. உயிரோடு இருந்து வெட்கப்படு.

அம்மா